டயர் வாங்கப் போகும் மருமகனுக்கு

மருமகனே, நீ வாங்கியிருக்கும் பழைய பிக்கப்பைச் சுற்றிப் பார்த்தேன். என்ஜின் நன்றாக இருக்கிறது. பெட்டி நேராக இருக்கிறது. டயர் நான்கும் வழுக்கை. "பட்டன் டயர் போடலாமா மாமா, ஆல் டெரெய்ன்னு சொல்றாங்களே" என்று கேட்டாய். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் டயர் வாங்குகிறவன் கடைக்காரனிடம் கேட்பதைவிடத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் அதிகம். எவ்வளவு பாரம் ஏற்றுகிறேன், எந்தப் பாதையில் போகிறேன், யார் கண்ணுக்காக ஓட்டுகிறேன்? இந்தப் பதில்களில் பொய் கலந்தால் எந்தக் கம்பெனி டயரும் உன்னைக் காப்பாற்றாது. லாரி, வேன், பிக்கப் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தே கழிந்த வாழ்க்கையில் நான் பட்டதையும் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்து முடிக்காதே. ஒவ்வொன்றாகப் படி.

1. முதலில் உன் பாதையை எழுது

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் நோட்டில் குறித்து வை. எங்கே போனாய், எவ்வளவு தூரம், தாரா மண்ணா? சமயநல்லூரில் வண்டியை எடுத்தால் திண்டுக்கல் வரைக்கும் நான்குவழிச் சாலை, நல்ல தார். அதே வண்டி சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்குள் இறங்கினால் வாய்க்கால் கரையும் வண்டல் சேறும். திருமங்கலம் தாண்டித் தெற்கே போனால் கரிசல். நத்தம் பக்கம் செம்மண்ணும் சரளையும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறினால் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. "நான் தோட்டத்துக்குள்ளதான்ணே ஓட்டுறேன்" என்று அடித்துச் சொன்ன ஒருவரை எழுதிப் பார்க்கச் சொன்னேன். பத்துக் கிலோமீட்டரில் ஒன்பது தாராக இருந்தது. கஷ்டப்பட்ட பாதைதான் மனசில் நிற்கும், சுகமாக ஓடியது மறந்துபோகும். நோட்டு எதையும் மறக்காது. பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தார் என்றால் சாதாரண ஹைவே டயரே உனக்குப் போதும். மூன்று, நான்கு பங்கு மண் என்றால் ஆல் டெரெய்ன் பக்கம் போகலாம். நாள் முழுக்கச் சேறும் குவாரியும் என்றால்தான் மட் டெரெய்ன்.

2. ஆசைக்கு வாங்காதே, வேலைக்கு வாங்கு

ஆல் டெரெய்ன் என்பது அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுகிறவர்களிடையே 1970-களில் பேர் எடுத்த வகை. தார், மண் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் அது. பட்டன்களுக்கு இடையே இடைவெளி அதிகம். அதனால் கரிசல் மண் அப்பிக்கொண்டாலும் சக்கரம் சுற்றும்போது உதறித் தள்ளிவிடும். பட்டன் பெரிது, ரப்பர் கனம், கல் குத்தினால் தாங்கும். இதெல்லாம் வரவு. செலவையும் கேள். தாரில் படும் ரப்பர் குறைவு என்பதால் மழை பெய்த தாரில் பிரேக் பிடித்தால், நல்ல ஹைவே டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். உருள்வதற்கு அதிக பலம் கேட்கும், டீசல் கூடும். வேகம் ஏற ஏற இரைச்சல் ஏறும். பரவைப் பக்கம் ஒரு பையன், பெயர் வேண்டாம், பார்ப்பதற்கு மிடுக்காக இருக்கிறதென்று மட் டெரெய்ன் போட்டான். அவன் ஓட்டியது காய்கறி மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும். வண்டிக்குள் பேசினால் காது கேட்காது. ஒரு வருஷத்தில் பட்டன் ஒரு பக்கமாகத் தேய்ந்து பல் பல்லாக நின்றது. அந்த டயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது சேற்றில் ஓடப் பிறந்தது, சேறே பார்க்கவில்லை. ஒன்று சொல்கிறேன், வைத்துக்கொள்: கண்ணுக்கு வாங்கினது கணக்குக்கு ஆகாது.

3. பாரத்தை மறைக்காதே

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் பாரக் குறியீடு. 97 என்றால் ஒரு டயர் 730 கிலோ தாங்கும். 100 என்றால் 800, 104 என்றால் 900, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120 கிலோ. எழுத்து வேகத்துக்கு: கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் என்றால் 180. பிக்கப்காரனுக்கு எழுத்தைவிட எண்தான் முக்கியம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முழு லோடு ஏற்றியபின் உன் பின்னச்சில் 1,900 கிலோ விழுகிறது என்று வை. ஒரு பக்கத்துக்கு 950 கிலோ. 104 போட்ட டயர் அங்கே தோற்றுவிட்டது, 108 வேண்டும். 'எல்.டி.' என்று போட்டிருந்தால் அது சரக்கு வண்டிக்குச் செய்தது. 8 பி.ஆர்., 10 பி.ஆர். என்பது உள்கட்டின் பலத்துக்கான அளவு. பார்வைக்கு ஒரே அளவில் காருக்கான ஆல் டெரெய்னும் கிடைக்கும், விலையும் குறையும், அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். தென்னந்தோப்புக் காய் ஏற்றுகிற ஒருவர் "எப்பவாவதுதான் ஓவர்லோடு" என்று சொல்லிக் கார் டயரைப் போட்டார். வாடிப்பட்டி தாண்டி, சித்திரை வெயிலில், பின் டயர் பக்கவாட்டில் கிழிந்து வண்டி சாலையோரம் இறங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ எவ்வளவு ஏற்றுகிறாய் என்பதைக் கடைக்காரரிடம் மட்டுமாவது மறைக்காமல் சொல். வைத்தியரிடமும் டயர்க் கடையிலும் பொய் சொன்னால் நஷ்டம் சொன்னவனுக்குத்தான்.

4. எழுதியிருப்பதை வாசிக்கப் பழகு

படித்த பிள்ளை நீ. எங்கள் காலத்தில் டயரில் இருப்பதை வாசிக்காமலேயே வாங்கிவிடுவோம். கிளீனர் சொன்னான், முதலாளி சொன்னார், முடிந்தது. 215/75 ஆர் 15 என்று இருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அகலத்தில் நூற்றுக்கு 75, ஆர் என்றால் ரேடியல், 15 என்பது டிஸ்க்கின் விட்டம் அங்குலத்தில். ஒரே கம்பெனி பிக்கப்பிலேயே மாடலுக்கு மாடல் அளவு மாறும். அதனால் அடுத்தவன் வண்டியைப் பார்த்து வாங்காதே. உன் வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருப்பதையும் கையேட்டையும் பார். அடுத்து, டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பருக்கும் மூப்பு உண்டு. கடை வாசலில் வெயில் பட்டுக் கிடந்த டயர் ஓடாமலேயே கிழடாகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார். 2009-இல் வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு அது கட்டாயம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் போட்ட டயரை ஒருவன் பெருமையாகக் காட்டுவான். அது கடும் பனியில் ஓடும் தகுதிக்கான முத்திரை. நம் வைகைக் கரையில் அதற்குக் காசு கொடுப்பானேன்?

5. அளவைக் கூட்டி அழகு பார்க்காதே

"ஒரு சைஸ் ஏத்திப் போட்டுருவோம்ணே, கெத்தா நிக்கும்" என்று உன் வயசுக்காரன் ஒருவன் கட்டாயம் சொல்வான். 215/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டரிலிருந்து 733-க்குப் போகும். நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் பெரிது. மீட்டர் 60 காட்டும்போது நீ 62-க்கு மேல் போய்க்கொண்டிருப்பாய். அது சின்ன விஷயம். பெரிய சக்கரத்தைச் சுற்ற என்ஜின் கூடுதலாக முக்க வேண்டும், பிரேக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றி இறங்கும்போது அந்த வித்தியாசம் உன் கால்களுக்குத் தெரியும். லோடு அமுங்கினால் மட்கார்டில் உரசும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாலும் உரசும். மத்திய மோட்டார் வாகன விதி 95, டயரின் அளவும் கட்டுப் பலமும் தயாரிப்பாளர் சொன்னபடி இருக்க வேண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். வண்டியை வடிவமைத்தவன் உன்னைவிட அதிக நாள் அதைப் பற்றி யோசித்திருக்கிறான். அவன் போட்ட அளவுக்கு மரியாதை கொடு.

6. மலிவையும் சிக்கனத்தையும் குழப்பாதே

கணக்குக்காக ஒரு விலை சொல்கிறேன். 6,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 காசு. 8,000 ரூபாய் டயர் 50,000 ஓடினால் 16 காசு. கூடக் கொடுத்தவன்தான் சிக்கனக்காரன். ஆனால் 50,000 ஓடுவது டயரை மட்டும் பொறுத்ததல்ல, உன் கையையும் காலையும் பொறுத்தது. ரீட்ரெடிங் கேவலம் என்று நினைக்காதே. மதுரையில் பஸ் ஓட்டிப் பெயர் எடுத்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது அதற்கு மாற்றாக எரிவாயுக் கலம் செய்தவர், டயர் ரீட்ரெடிங் ஆலையும் தொடங்கியவர். 1946-இல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-இல் ரீட்ரெடிங்குக்கான ரப்பருக்கு மாறினார். அதுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. பழையதைப் புதுப்பிக்கும் தொழிலில் குற்றமில்லை. உள்கட்டு நன்றாக இருக்கும் டயரை, நம்பிக்கையான இடத்தில் ரீட்ரெட் செய்து பின்னால் போடலாம். முன்னால் போடாதே. ஓடிய டயரை மெருகு பூசி 'செகண்ட்ஸ்' என்று விற்பதை மட்டும் தொடாதே. அதன் கடந்த காலம் உனக்குத் தெரியாது, விற்கிறவன் சொல்லவும் மாட்டான்.

7. கிடைக்கும் டயரை வாங்கு

வெளிநாட்டு ஆல் டெரெய்ன் டயர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு டயரில் பக்கவாட்டு வெட்டு விழுந்தால் அதே அளவு, அதே டிசைன் மறுநாள் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ கிடைக்குமா? இந்தக் கேள்வியை வாங்கும் முன்பே கேள். ஒற்றை டயருக்காக வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திப்போட்டு, மல்லிகைப்பூ சீசனையே விட்டவரை எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் பூவுக்கு விலை ஏறியது, அவருக்குத் தவணைதான் ஏறியது. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. என்று நம் நாட்டுக் கம்பெனிகளே ஆல் டெரெய்ன் செய்கின்றன. எதை எடுத்தாலும் உன் அளவிலும் உன் பாரக் குறியீட்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பார். ஊர்ப் பாசத்துக்காகவும் வாங்காதே. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் நம்ம ஊர் டயர் ஆலை இருக்கிறது, பெருமைதான். ஆனால் அங்கே முக்கியமாக இருசக்கர வண்டிக்கும் டிராக்டர், கட்டுமான எந்திரங்களுக்கும் செய்கிறார்கள். உறவு பார்த்துப் பெண் எடுக்கலாம், உறவு பார்த்து டயர் எடுக்க முடியாது.

8. பழைய டயரைப் படிக்காமல் தூக்கிப் போடாதே

கழற்றிய நான்கையும் சுவரில் சாய்த்து வைத்துப் பொறுமையாகப் பார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிற்கிறதா? காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு தேய்ந்து ஓரம் நிற்கிறதா? காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தப்பு. குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ சந்தேகப்படு. இந்த நோயைத் தீர்க்காமல் புது டயரை மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் தேயும். என் முதல் முதலாளி புது டயர் வாங்கப் பணம் கொடுக்கும் முன் பழையதைக் கொண்டுவரச் சொல்வார். தடவிப் பார்ப்பார். "இதைக் கொன்னது யாருப்பா?" என்று கேட்பார். திட்டமாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வண்டியைக் கற்றுக்கொண்டேன். போனதைப் படித்தவனுக்கு வருவது ஏமாற்றாது.

9. ஜோடியைப் பிரிக்காதே

கையில் பணம் குறைவாக இருந்தால் இரண்டு டயர் வாங்கு, மூன்று வேண்டாம், ஒன்று வேண்டவே வேண்டாம். ஒரே அச்சில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று வேறு வேறு டிசைனைப் போட்டால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவு, ஒரே டிசைன், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். ரேடியலையும் பழைய நைலான் கட்டையும் கலக்காதே. புது ஜோடியை முன்னால் போடத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கடினம், அதனால் பின்னால் போடுவதே நல்லது என்று டயர் கம்பெனிகள் சொல்கின்றன. அதற்காக முன்னால் வழுக்கை டயரை விட்டுவைக்காதே, அது அதைவிட ஆபத்து. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நான்கையும் சேர்த்து மாற்று. உருளும் சுற்றளவு வேறுபட்டால் கியர் பெட்டிக்குத்தான் அடி. ஸ்டெப்னியை மறந்துவிடாதே. ஐந்தாவது டயரைப் பார்க்காதவன் இருட்டில் நிற்பான்.

10. காற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது

டயர் வெறும் பை. லோடைத் தூக்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்று குறைந்தால் பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிரும், சூடேறும், உள்கட்டு பிரியும். வெயில்தான் டயரை வெடிக்க வைக்கிறது என்று ஊர் சொல்லும். வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் பல நேரம் குறைந்த காற்றும் கூடிய பாரமும் வேலையைப் பாதி முடித்து வைத்திருக்கும், மீதியை வெயில் முடிக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் அளந்து பார். 50 பி.எஸ்.ஐ. வைத்த டயர் ஓடி 30 டிகிரி சூடேறினால் ஆறு பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடிக் காட்டும். அது இயற்கை. அதைப் பார்த்துப் பயந்து மத்தியானம் காற்றை இறக்கிவிடாதே. ராத்திரி ஆறியதும் குறைந்த காற்றோடு நிற்பாய். லோடுக்கு எவ்வளவு, வெறும் வண்டிக்கு எவ்வளவு என்று கதவோர ஸ்டிக்கரில் இருக்கும். டயரில் போட்டிருக்கும் உச்ச அளவு உனக்கான அளவு அல்ல. ஆற்று மணலில் சிக்கினால் கொஞ்சம் காற்றை இறக்கி மெல்ல வெளியே வா. தாருக்கு ஏறியவுடன் திரும்பப் பிடித்துவிடு. நூறு இருநூறு ரூபாய் கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள். தினம் காலையில் குனிய மனசு வருகிறவனுக்குத்தான் டயர் நீண்ட நாள் உழைக்கும்.

11. மழைக்கு முன் மாற்று, மழையில் மாற்றாதே

டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று குறுக்கே ஓடும். தேய்மானம் அதைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் வண்டிகளுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். சட்டம் சொல்வது கடைசி எல்லை, அதுவரைக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் புதுசுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கு. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் டயர் தண்ணீரை வெளியே தள்ளும். இல்லையென்றால் தண்ணீர் மேலேயே மிதந்து போகும், ஸ்டியரிங் கையில் லேசாகும், அந்த லேசை ஒருமுறை உணர்ந்தவன் மறக்கமாட்டான். ஆகையால் புரட்டாசிக்குள் முடிவு செய். தேயாமல் இருந்தாலும் ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டு. பத்து வருஷம் ஆனால் பார்க்காமலேயே மாற்று. நாளைக்கு மாற்றலாம் என்பவன் வழியில் மாற்றுவான்.

12. பஞ்சர் கடைக்காரரை மதி

கம்பெனி விளம்பரம் சொல்லாததை அவர் கை சொல்லும். எந்த டிசைனில் கல் மாட்டுகிறது, எது சீக்கிரம் வெட்டு வாங்குகிறது, எதன் விளிம்பு பிடிவாதம் பிடிக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். கேள். கேட்டால் மகிழ்வார். டயர் மாற்றும்போது பக்கத்திலேயே நில், போனைப் பார்க்காதே. புது வால்வு போடச் சொல். டிஸ்க்கின் விளிம்பைச் சுத்தம் செய்யச் சொல். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கச் சொல். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி மறுபடி முடுக்கு. முதல் சில நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக்கும் வேகத் திருப்பமும் வேண்டாம். புது ரப்பரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு போக வேண்டும். ஆணி குத்தினால் உள்ளே பேட்ச் வைத்து ஒட்டுவது நல்லது. வெளியிலிருந்து திணிக்கும் கயிறு வீடு வந்து சேர மட்டும். பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் ஒட்டாதே, எவ்வளவு புது டயராக இருந்தாலும் விட்டுவிடு. பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்து. கூலி கேட்டால் பேரம் பேசாதே. நடுராத்திரி சாலையோரத்தில் நீ கூப்பிட்டால் எழுந்து வரப்போவது அந்த ஆள்தான்.

13. "முடியாது" என்று சொல்லப் பழகு

இது டயரைப் பற்றி இல்லாதது போலத் தெரியும். ஆனால் நான் பார்த்தவற்றில் டயரைக் கொன்றது பெரும்பாலும் வாய். "இன்னும் பத்து மூட்டைதான் தம்பி" என்று வியாபாரி சொல்வார். அடுத்த லோடும் அவர்தான் தர வேண்டும் என்று நீ தலையாட்டுவாய். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதை வியாபாரி கட்டமாட்டார். திருவிழா, கல்யாணம், துக்கம் என்றால் பெட்டியில் ஆட்களை ஏற்றச் சொல்லி உறவே கேட்கும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது, எத்தனையோ ஊர்களின் துயரமும் சொல்கிறது. "மன்னிச்சுக்கங்க சித்தப்பா, வேன் பிடிச்சுத் தாரேன்" என்று சொல். நாலு நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். லோடு மறுத்த டிரைவரைத் தேடி வியாபாரி திரும்ப வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அளவாக ஏற்றுகிறவனிடம் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேரும் என்று அவருக்கும் தெரியும்.

ஆகவே மருமகனே, நீ கேட்டதற்குப் பதில் இது. உன் நோட்டில் மண் பாதை பத்தில் மூன்று பங்கைத் தொட்டால், உன் பின்னச்சின் பாரத்தைத் தாங்கும் எல்.டி. வகை ஆல் டெரெய்னை, வண்டிக்குச் சொன்ன அளவிலேயே வாங்கு. தொடாவிட்டால் நல்ல ஹைவே டயரைப் போட்டு, மிச்சப் பணத்தை ஸ்டெப்னிக்கும் அலைன்மென்டுக்கும் வை. எது வாங்கினாலும் நீ ஏற்றுகிற பாரத்தை உண்மையாகச் சொல்லி வாங்கு. பாரத்தில் பொய் சொல்லாதவனுக்கு டயர்க் கடையில் முடிவெடுக்க அதிக நேரம் ஆகாது.